பக்கத்து நாற்காலிக்கு வந்த வெள்ளை மருந்து

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். கதவோரம் முதல் நாற்காலியில் மாகறல் பெரியவர். நெல் வைக்கிறவர், குடலில் கட்டி. இரண்டாவதில் ஏனாத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிற பெண். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பாள், யாரோடும் பேச மாட்டாள். மூன்றாவதில் நயினார் வீட்டம்மா. அவருக்கு அன்று முதல் நாள். நான்காவதில் நான். எனக்கு அது ஐந்தாவது வாரம். சுவரோரம் ஸ்டூலில் நயினார் வீட்டம்மாவின் மருமகள். ஊசி போடுகிற சிஸ்டர். என் வீட்டுக்காரர் வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தார். ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும், அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. வியாழக்கிழமை எங்கள் முறை. காலையில் வந்து உட்கார்ந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, மருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கும் நயினார் வீட்டம்மாவுக்கும் ஒரே வியாதி. மார்பில் கட்டி, அதுவும் இடது பக்கம். ஆபரேஷன் செய்த டாக்டரும் ஒருவரே. மருந்தும் ஒன்றே என்று சிஸ்டர் சொன்னார். நயினார் வீட்டம்மாவின் ஊர் திருப்பருத்திக்குன்றம். சமணர் வீடு. சமணர்களை நயினார் என்று சொல்வது எங்கள் பழக்கம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளையில் மெல்லிய கரை போட்ட பருத்திச் சேலை. நான் பிள்ளையார்பாளையம், பட்டு நெசவு வீடு. ஒருவரைப் பார்த்தால் சேலையைத்தான் முதலில் பார்ப்பேன். காஞ்சிபுரத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தில் வாழ்ந்து, ஒரு நல்ல நாளில்கூடப் பட்டு கட்டாத ஆளை அப்போதுதான் அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். புழுவை வேகவைத்து எடுக்கிற நூல் என்பதால் அவர்கள் வீட்டில் கட்டுவதில்லை என்று மருமகள் சொன்னாள்.

மருந்து இறங்க ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்தம்மா மருமகளைக் கூப்பிட்டார். "முதுகு வலிக்குதுமா" என்றார். அடுத்த மூச்சு அவருக்கு வரவில்லை. முகம் அரக்கு நிறத்துக்குப் போனது. சிஸ்டர் ஓடி வந்து குழாயை மூடினார். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, மூக்கில் ஆக்சிஜன். மெஸ்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். மாகறல் பெரியவர் எழுந்து நிற்கப் பார்த்து, கையில் குழாய் இருப்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தார். அரை மணியில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று அவருக்கு மருந்து கொடுக்காமலே அனுப்பினார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "பயந்துட்டியாமா?" என்று அவரே கேட்டார். பயந்தேன்தான். பாவமாகவும் இருந்தது. எனக்கு அவர்மேல் பாவம் என்று தோன்றியது அந்த ஒரு வாரம்தான்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். நயினார் வீட்டம்மாவிடம் பேசினாலும் நாற்காலிகள் நெருக்கமாக இருப்பதால் எல்லோருக்கும் கேட்கும். "அம்மா, மருந்து உங்களுக்கு ஒத்துக்காம போகல. மருந்தக் கரைக்கிற எண்ணெய்தான் ஒத்துக்கல. இந்த மருந்து தண்ணியில கரையாது. விளக்கெண்ணெய்லேர்ந்து செய்யற ஒரு திரவத்துல கரைச்சுத்தான் ஏத்துவோம். சில பேரு உடம்பு அத ஏத்துக்காது. இனிமே உங்களுக்கு எண்ணெயே இல்லாம தரப் போறோம். அதே மருந்துதான். புரதத்தோட சேத்து ரொம்ப ரொம்பச் சின்ன உருண்டையா ஆக்கி வெச்சிருக்காங்க. நானோ உருண்டை. ஒரு முடியோட அகலத்துல நூத்துக்கணக்குல அடுக்கலாம்."

"அவ்ளோ சின்னதா இருந்தா அது போய் இன்னாமா பண்ணும்?" என்று மாகறல் பெரியவர் கேட்டார்.

"கட்டிக்குப் பசி ஜாஸ்தி பெரியவரே. புரதத்தப் பாத்தா சாப்பாடுன்னு உள்ள இழுத்துக்கும். கூடவே மருந்தும் உள்ள போயிடும்."

"எலிக்கு மசால்வடையில வெக்கிறா மாதிரி."

"அதேதான்" என்று டாக்டரம்மா சிரித்தார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இப்போது மருந்தை ஏற்றி அனுப்புகிறார்கள், நாளைக்கு உடம்பில் பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்லதையே இப்படி உருண்டைக்குள் வைத்து அனுப்பப் பார்க்கிறார்கள், அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஊருப் பட்டு இருக்கே, பட்டு நூலும் புரதம்தான். அதுலகூட உருண்டை செஞ்சு பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பட்டு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அந்த அறையில் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னது அதுதான் முதல் தடவை.

நயினார் வீட்டம்மா மெதுவாகக் கேட்டார். "இதுல பட்டு இருக்குதாமா?"

"இல்லம்மா. இது மனுஷ ரத்தத்துல இருக்கிற புரதம். தானமா குடுத்த ரத்தத்துலேர்ந்து எடுத்துச் சுத்தம் பண்ணது."

அவர் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகு சாப்பிடாதவர். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர். ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வருவார். கடைசியில், "வீட்ல பெரியவங்களக் கேட்டுக்கினு அடுத்த வாரம் சொல்றேன்மா" என்றார்.

நான் சொன்னேன். "அவங்களுக்கு வேணாம்னா அத எனக்குப் போடுங்க டாக்டர்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். என் வேலை பாவு புணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், முடிந்த பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையோடு சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. விரல் நுனியில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் ஒன்றாக வைத்து, ஒரு முறுக்கு முறுக்கிப் படிய வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கண்ணை விட விரல்தான் பார்க்கும். நான் பதினாலு வயதில் உட்கார்ந்தது. டிவி பார்த்துக்கொண்டே புணைப்பேன், சண்டை போட்டுக்கொண்டே புணைப்பேன். எங்கள் தெருவில் கல்யாணம் வைப்பதானாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் தேதி வைப்பார்கள் என்று என் மாமியார் கேலி செய்வார். உயிர் போகும் என்ற பயம் எனக்குக் குறைவு. இரண்டு பிள்ளைகளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்தே விரல் நுனி மரக்க ஆரம்பித்திருந்தது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி. விரல் போனால் நான் வீட்டில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம்தான் ராத்திரியும் பகலும் என் கூடவே இருந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இது கடையில பொம்மைக்குக் கட்டின சேல இல்லம்மா, அவங்களுக்கு வேணாம்னா உங்களுக்குக் கட்டறதுக்கு. உங்களுக்கு இப்ப போடற மருந்து நல்லா ஒத்துக்குது. அப்புறம், விரல் மரக்குதுன்னு சொன்னீங்களே, அது ரெண்டுலயும் உண்டு. எண்ணெய் இல்லன்னா மரக்காதுன்னு நெனச்சுக்காதீங்க" என்றார். இப்போது யோசித்தால் அவர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் என் காதில் விழுந்தது எண்ணெய் என்ற சொல் மட்டும்தான். பாவின் மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று நெசவு வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இடத்தில் இழை நிற்காது, நழுவும். சாயம் திட்டாகும். அந்த எண்ணெயை என் நரம்புக்குள் வாராவாரம் விடுகிறார்கள். விரல் ஏன் நழுவுகிறது என்பதற்கு எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

நயினார் வீட்டம்மா அப்போது சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குடுங்கமா. நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு வேணாம்னு ஆச்சின்னா அவங்களுக்கே குடுங்க, பாவம்" என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வேண்டியது அவர் கையில் இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்க முடிகிறது என்பதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த ஒரு வாரமும் நான் வேண்டிக்கொண்டேன். அந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று. வரதராஜர் கோயில் பக்கம் போனபோதும் அதையே. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நின்றபோதும் அதையே. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பசிக்கிறவனுக்கு அடுத்த இலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. கூடுதலாக இன்னொன்றும் தோன்றியது. எனக்கும் முதல் நாளே மூச்சு முட்டியிருக்கக் கூடாதா? முகம் அரக்கு நிறத்துக்குப் போயிருக்கக் கூடாதா? என் உடம்பு எதையும் தாங்கிக்கொள்ளும். எருமை உடம்பு என்று அம்மா சொல்லுவார். தாங்கிக்கொள்கிறவளுக்கு எண்ணெய், தாங்காதவருக்குப் புரதம்.

அடுத்த வியாழக்கிழமை அவர் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்களில் யாரைக் கேட்டாரோ தெரியாது. டாக்டரம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "ரத்தம் குடுத்தவங்க எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க இல்லியா? இஷ்டப்பட்டுக் குடுத்தது. அப்பறம் இன்னா? புழுவக் கேட்டா நூலு எடுக்கறாங்க?" அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அவர் கணக்கு அது. ஆனால் பக்கத்து நாற்காலியில் பட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் எனக்குக் கோபம்.

மருந்து வந்தது. பால் மாதிரி வெள்ளை. சிஸ்டர் அதைக் கலக்கும்போது குலுக்கவில்லை. பாட்டிலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். என் மருந்தைக் கலக்கும்போது அவர் இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சிஸ்டர், அந்தம்மாக்கு மட்டும் பாலு. எங்களுக்குத் தண்ணியா?" என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு அடுத்த வாரம் பாயசம் கொண்டாறேன். இப்ப கைய ஆட்டாம உக்காருங்கபா."

"முந்திரி போட்டுக் கொண்டா."

மெஸ்காரப் பெண்கூடச் சிரித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முந்தின நாளே மாத்திரை, வந்ததும் வரிசையாக மூன்று ஊசி, அதில் வருகிற தூக்கம், வாய்க் கசப்பு, அதற்குப் பிறகுதான் மருந்து. அது இறங்க ஒரு மணி நேரம். எழுந்திருக்கும்போது தரை ஆடும். அந்தம்மாவுக்கு அந்த ஊசிகள் எதுவும் இல்லை. அரை மணியில் வெள்ளைப் பை காலி. எழுந்தார், சேலையை உதறிச் சரி செய்துகொண்டார், பேருந்தில் இறங்குகிற ஆள் மாதிரி நடந்து போனார். இருட்டுவதற்கு நிறைய நேரம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். மூன்று வாரம் போட்டால் அவருக்கு ஒரு வாரம் ஓய்வு வேறு. அந்த வாரம் அவர் நாற்காலி காலியாக இருக்கும். காலி நாற்காலியைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

ஒன்பதாவது வாரம் முடிந்தபோது எங்கள் தறியில் பாவு தீர்ந்தது. வீட்டுக்காரர் புதுப் பாவைக் கொண்டுவந்து கட்டினார். நான் சாம்பல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இழை விரலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்து எடுத்து, முறுக்கினேன் என்று நினைத்து விட்டால், அது பிரிந்து தொங்கியது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் தொங்கியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும் விடு" என்றார். மறுநாள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து என் இடத்தில் உட்கார்ந்து புணைத்தாள். நல்ல கை. அவள் புணைத்து முடிக்கிற வரைக்கும் நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்குக் காபியை வீட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் போன பிறகு மத்தியானம் ஒரு வேலை செய்தேன். என் அப்பா சாயப் பட்டறையில் இருந்தவர். கச்சாப் பட்டின் பசை போக, சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட வெந்நீரில் அதை ஊறவைப்பார்கள். எண்ணெய் பட்ட நூல் வந்தாலும் அதே வைத்தியம்தான். இரண்டு அலசலில் எண்ணெய் இறங்கிவிடும். பட்டும் புரதம், ரத்தத்தில் இருப்பதும் புரதம் என்று டாக்டரம்மா சொன்னது மனசில் இருந்தது. பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, சோடாவைப் போட்டுக் கரைத்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வைத்துக்கொண்டேன். எண்ணெய் இறங்கட்டும் என்று. சூடு தெரியவில்லை. தெரியாததால் சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். வீட்டுக்காரர் பின்பக்கம் வந்து பாத்திரத்தைத் தட்டிவிட்டபோதுதான் கையைப் பார்த்தேன். விரல் முழுக்கக் கொப்புளம். வலி அப்போதும் வரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்.

புண் ஆறுகிற வரைக்கும் மருந்து போட முடியாது என்று இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். திரும்பப் போன வியாழக்கிழமை இரண்டு கையிலும் துணிக்கட்டு. மாகறல் பெரியவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பட்ட வெளுக்கறாப்புல கைய வெளுத்துக்கினியா? தலைக்குச் சாயம் போடறேன்னு பட்டறைக்குப் போயிடாதமா" என்றார். சிரிப்பு வந்தது. நயினார் வீட்டம்மா சிரிக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து சாய்ந்து என் கட்டைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"எனக்கும்தான்மா" என்றார். "ஒரு மாசமா. விரலு என்னுது மாதிரியே இல்ல."

நான் நம்பவில்லை. "உங்களுக்குத்தான் எண்ணெ இல்லியே" என்றேன்.

"டாக்டரு அன்னிக்கே சொன்னாங்களே, ரெண்டுலயும் மரக்கும்னு. எனக்கு உன்ன விட ஜாஸ்தியாத்தான் இருக்கும். சட்டுனு வந்துடுச்சி. ஜாக்கெட் ஊக்குகூட மருமகதான் மாட்டி வுடறா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "போன வாரம் பயறு பொறுக்கிக்கினு இருந்தேன். எங்க வீட்ல வண்டு இருந்தா ஒண்ணொண்ணா எடுத்து வெளியில வுட்டுட்டுத்தான் ஒலையில போடுவோம். எத்தினி வருஷமா செய்யறேன். விரலுல தட்டுப்படும். அன்னிக்கு ஒண்ணு என் விரலுக்கு நடுவுல நசுங்கியே போயிருக்குது. எனக்குத் தெரியல. மருமக பாத்துச் சொன்னா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போது சேலைத் தலைப்பு விரலில் நிற்காமல் நழுவியது. அதைக் குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது.

ஒரு வண்டுக்காக அறுபது வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அழுவதை நான் முன்பு பார்த்ததில்லை. நான் வாழ்ந்ததெல்லாம் வேகவைத்த புழுவின் நூலில். அதைப் பற்றி எனக்கு வருத்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் தலைப்பு இரண்டாவது தடவை நழுவியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. ஆறுதல் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. வெள்ளை மருந்தும் விரலை எடுக்கும். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஆறுதல் நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் மருந்து முடிந்து, ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, அந்தம்மா என் எதிரிலேயே கைப்பையின் ஜிப்பைத் திறந்து, சீட்டை எடுத்து, ஜிப்பை மூடினார். பார்க்காமல் செய்தார். எனக்கு அது போதும். "உங்க விரலு?" என்றேன். "வந்துடுச்சிமா, முக்கால்வாசி வந்துடுச்சி" என்றார் சந்தோஷமாக. டாக்டரம்மாவைக் கேட்டேன். வெள்ளை மருந்தில் மரப்பு வேகமாக வரும், பலருக்கு வேகமாகவே போயும் விடும் என்றார். எனக்கு எப்போது போகும் என்று கேட்டேன். சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்றார். வியாதி போய்விட்டது, அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் வியாதி போய்விட்டது. மாகறல் பெரியவர் நடுவிலேயே வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் என்று நாங்கள் யாரும் சிஸ்டரைக் கேட்கவில்லை. அந்த அறையிலிருந்து உயிரோடு நடந்து வந்தவள் நான். நடந்து வந்துகொண்டே பக்கத்தில் நடந்தவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. ஆஸ்பத்திரிக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும். சூடு தெரிகிறது, குளிர் தெரிகிறது. காய் நறுக்குகிறேன். நாணயத்தைப் பையிலிருந்து பார்க்காமல் எடுப்பேன். பட்டு இழை மட்டும் தெரிவதில்லை. பட்டு இழையைவிட மெல்லியதாக வீட்டில் வேறு எதுவும் இல்லை என்பதால் அது கடைசியில்தான் திரும்பும் போலிருக்கிறது. தறியில் பாவு தீரும்போதெல்லாம் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். இந்தத் தடவை தீர்ந்தபோது வீட்டுக்காரர் பாவைக் கட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவளைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. சாம்பல் கிண்ணம் மட்டும் தறிப் பக்கத்தில் இருந்தது.

நான் உட்கார்ந்தேன். காலையில் ஆரம்பித்தது. கண்ணால் பார்த்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக. முன்பு ஒரு பாட்டு முடிவதற்குள் போட்டதை அரை நாளில் போட முடியவில்லை. பாதி பிரிந்தது, திரும்பப் போட்டேன். பிரியாமல் நின்றதை மட்டும் எண்ணினேன். வெயில் ஏறிய பிறகு வாசலில் வண்டிச் சத்தம். நயினார் வீட்டம்மாவும் மருமகளும். பரிசோதனைக்கு வந்தவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்களாம். அந்தம்மா கையில் ஒரு துணிப் பை. "பாசிப் பயறுமா, நானே பொறுக்குனது. ஒரு வண்டு இருக்காது, எண்ணிப் பாரு" என்று சிரித்தார். வாங்கி வைத்தேன். பயறு பளபளவென்று இருந்தது. நானே பொறுக்குனது என்ற சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

"நீ பாட்டுக்கு வேலயப் பாருமா, நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்" என்று பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகச் சொல்ல முடியவில்லை. எதிரில் ஆள் இருந்தால் விரல் இன்னும் மோசம். ஒரு இழையின் நுனி பாவுக்குள் நழுவி, மற்ற இழைகளோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. நகத்தால் நெருடினேன். வரவில்லை. வேர்த்தது. இன்னொரு தடவை பார்த்தேன்.

அந்தம்மா கையை நீட்டினார். இத்தனை இழைக்கு நடுவிலிருந்து அந்த ஒரு நுனியை, நகத்துக்கும் சதைக்கும் நடுவில் பிடித்து, வழுக்காமல் வெளியே எடுத்தார். "இதானே?" என்று என் விரலுக்குக் கொண்டு வந்தார். பட்டை வாழ்நாளில் கட்டாத கை. பட்டு அந்தக் கையில் அசையாமல் நின்றது. மருமகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நுனியை வாங்கினேன். சாம்பல் தொட்டு, மற்ற நுனியோடு வைத்து முறுக்கினேன். நின்றது.

"பரவால்லியே" என்றார் அந்தம்மா. விரலில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டே, "காலைலேர்ந்து எத்தினி ஆச்சி?" என்று கேட்டார்.

அவர் எடுத்துக் கொடுத்ததைச் சேர்க்காமல் சொன்னேன்.

முப்பத்தொன்று.